தபசு காலத்தில் ஏறிய விலை

தொண்டையில் ஆபரேஷன் நடந்த பிறகு என் வீட்டுக்காரர் மனுஷர் மத்தியில் தைரியமாக உட்கார்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது சினிமா தியேட்டர். கோயில் என்று எழுத முடியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் ஆண்டவருக்குத் தெரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. அதனால் உள்ளதையே எழுதுகிறேன்.

அவர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவர் தண்டல்தான். அவர் சொன்னால்தான் நங்கூரம் ஏறும், பாய் விரியும். கடல் காற்றோடு போட்டி போட்டுச் சத்தம் கொடுத்தே வளர்ந்த குரல் அது. தெருமுனையில் நின்று "ஏளா" என்று கூப்பிட்டால் அடுப்படியில் எனக்குக் கேட்கும். எனக்கு மட்டுமா, தெருவில் உள்ள எல்லாப் பெண்களும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவருடைய பாடுகளைப் பாட அவரைத்தான் நிறுத்துவார்கள். அந்தக் குரலைக் கேட்டு அழாமல் வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் கோயில் பங்கில் குறைவு.

அந்தக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. உயிர் தங்கியது, அதற்கு மாதாவுக்குக் கோடி தோத்திரம். இப்போது கழுத்தில் ஒரு துவாரம் இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். பேசுவதற்கு ஒரு கருவி தந்தார்கள். கழுத்தில் வைத்து வாயை அசைத்தால் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பது போல ஒரு குரல் வரும். ஒருநாள் வைத்துப் பார்த்தார். பிறகு அது அலமாரிக்குள் போய்விட்டது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதுவார். நான் எட்டாவதோடு நின்றவள். அச்சில் உள்ளதைவிட என் கையில் அவர் எழுதுவதை வேகமாகப் படித்துவிடுவேன்.

கோயிலுக்குத்தான் முதலில் போனோம். நற்கருணையில் நன்மை வாங்கிய பிறகு எல்லாரும் முழந்தாளில் அமைதியாக இருப்பார்களே, அந்த நேரத்தில் அவருடைய மூச்சு கழுத்து வழியாக விசில் மாதிரி கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. பிறகு அதன் அம்மா திரும்பினாள். பிறகு வரிசை முழுவதும். அடுத்த ஞாயிறு அவர் உள்ளே வரவில்லை, வெளியே கொடிமரத்துப் பக்கத்தில் நின்று பூசை கண்டார். அதற்கடுத்து அதுவும் இல்லை. வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் வாசல் தாண்டும்போதே "பாவம், எப்பேர்ப்பட்ட குரலு" என்பார்கள். அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். 'பாவம்' என்ற சொல் அவருக்குக் கத்தியை விடக் கூர்மை.

குவைத்தில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள்தான் அந்தப் பாஸைப் போட்டுக் கொடுத்தாள். ஊரில் புதிதாகத் திறந்த தியேட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் மாதச் சந்தா. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு படம், எந்தக் காட்சியும் பார்க்கலாம். மாதம் முந்நூறு ரூபாய். "அப்பாவ எப்படியாச்சும் வெளிய கூட்டிட்டுப் போம்மா" என்று அழுதாள். எனக்குச் சினிமா பெரிதாகப் பிடிக்காது. பிள்ளை அழுதாளே என்று கூட்டிப் போனேன்.

அன்றைக்குப் பார்த்த படத்தின் கதை எனக்கு நினைவில்லை. நகைச்சுவைப் படம். காது கிழிகிற சத்தம். நடுவில் என் தோளில் ஏதோ இடித்தது. இருமல் வந்துவிட்டதோ என்று பயந்து திரும்பினேன். இருமல் இல்லை, சிரிக்கிறார். சத்தமே இல்லாமல் அவருடைய தோள் மட்டும் குலுங்குகிறது. சுற்றி நூறு பேர் சிரிக்கிறார்கள், அந்தச் சத்தத்துக்குள் அவருடைய விசில் மூச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. எல்லாரும் முன்னால் பார்க்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாரும் யாரோடும் பேச வேண்டியதும் இல்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து எழுதினார்: "இங்கே எல்லாரும் ஊமை." அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். நான் பஸ்ஸில் வரும்போது ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணிகூட நகர்த்தவில்லை. வெறுமே அழுதுகொண்டு வந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து பாஸுக்கான பணம் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும் என்று எழுதிவிட்டார். மகள் அங்கே ராத்திரி வேலை பார்க்கிற காசில் தான் இங்கே படம் பார்ப்பதா என்பது அவருடைய ரோஷம். கழுத்தில் துவாரம் விழுந்தாலும் தண்டல் தண்டல்தானே.

செவ்வாய்க்கிழமை எங்கள் நாள் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மைனி அவர் சட்டை போட்டு வருவதைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள். "ஏளா, மாப்ளையும் பொண்ணும் கெளம்பியாச்சா? மறுவீடு எங்கன?" என்பாள். அவர் விரலை ஆட்டி மிரட்டுவார். "அந்த வெரலுக்கெல்லாம் நாங்க பயப்படமாட்டோம் அண்ணாச்சி. வரும்போது பாப்கார்ன் வாங்கிட்டு வாங்க" என்று கத்துவாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவரிடம் பாவம் சொல்லாமல் வம்பு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

பிறகு விலையை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

முதலில் ஐம்பது ரூபாய். போகட்டும், காய்கறியே தாறுமாறாக ஏறுகிறது, இவர்களுக்கும் கரண்டு பில் இருக்கும் என்று விட்டோம். அதற்குப் பின்னால் வந்த ஏற்றம் விலை என்ற பெயரில் வரவில்லை, வேறு வேஷத்தில் வந்தது. பெரிய நடிகர் படத்துக்கு முதல் வாரம் பாஸ் செல்லாது என்றார்கள். பிறகு சாயங்காலக் காட்சிக்குச் செல்லாது. பிறகு மாதத்துக்கு நான்கு படம்தான். பிறகு டிக்கெட்டுக்கு டிக்கெட் இணைய வசதிக் கட்டணம் என்று ஒன்று. "நாங்க இங்கன வந்து கால்கடுக்க நின்னு வாங்குதோம், இதுல என்ன இணைய வசதி?" என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "எனக்கும் தெரியல ஆன்ட்டி, அதுவா ஏறிருது" என்றாள். அதற்கும் பிறகு இன்னொரு நூறு ரூபாய். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு செய்தி வரும். உங்களுக்கு இன்னும் சிறந்த அனுபவம் தருவதற்காக என்றுதான் தொடங்கும். எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரி விலை ஏற்றினால் என் முகத்தைப் பார்த்து, "போட்டு கடலுக்குப் போகலக்கா, காத்து அப்படி அடிக்கி, நான் என்ன செய்ய?" என்பாள். நான் நாலு வார்த்தை திட்டுவேன், அவள் இரண்டு சாளை மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போவாள். போனில் வந்த செய்தியை நான் எப்படித் திட்டுவது?

மைனி சொன்னாள்: "ஏளா, கொஞ்ச நாள்ல பாத்துக்கோ, பாஸ் வச்சிருக்கவியளுக்கு இடைவேள மட்டும்தான் காட்டுவான். லைட்டு போட்டதும் உள்ள போயி, லைட்ட அணைச்சதும் வெளிய வந்திரணும்." அவருக்கு அதைக் கேட்டு அப்படிச் சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தெருவில் நின்று, மைனி பார்க்கச் சிரித்தார். விலை ஏறினாலும் பரவாயில்லை என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில் சாம்பல் புதன் வந்தது.

எங்கள் கரையில் தபசு காலம் என்றால் நாற்பது நாளும் வீட்டில் கவுச்சி கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, சினிமா கிடையாது. டிவியின் மேலேகூட ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவோம். இது சட்டம் என்று யாரும் சொல்வதில்லை. மழைக்குக் குடை பிடிப்பது போல, நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் கை தானாக டிவியை மூடும். எங்களுக்கு அதில் யோசிக்க எதுவுமே இல்லை. அந்த நாற்பது நாளும் பாஸுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தால் அது ஆசையை அடக்கும் ஒறுத்தல் ஆகாது. பார்க்காத படத்துக்குக் கட்டுகிற காசு ஏழைகளுக்குச் சேர வேண்டும். அதற்குத்தான் பங்கில் வீட்டுக்கு ஒரு அட்டை உண்டியல் தருகிறார்கள். அதனால் முந்தின செவ்வாய் படம் பார்த்துவிட்டு வரும்போதே கவுண்டர் பெண்ணிடம், "மக்கா, இத கொஞ்ச நாள் நிறுத்தி வை, ஈஸ்டர் கழிச்சு வாரோம்" என்றேன். "சரி ஆன்ட்டி, எப்ப வேணா மறுபடி போட்டுக்கலாம்" என்று நிறுத்தினாள். அப்போது அது உண்மைதான். அவள் பொய் சொல்லவில்லை.

அந்தத் தபசு காலம் மாதிரி ஒரு தபசு காலத்தை நான் கண்டதில்லை. காத்திருக்க அவருக்கு ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே என்னோடு சிலுவைப்பாதை செய்தார். நான் வாசிப்பேன், அவர் முழந்தாளில் இருப்பார். ஈஸ்டர் பாஸ்கு பூசைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தார். கொடிமரத்தில் நிற்கவில்லை, உள்ளே வந்து கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். ஆண்டவர் உயிர்த்தார் என்று மணி அடித்து, மேளம் முழங்கி, எல்லாரும் உரக்கப் பாடினார்கள். அவர் வாயும் அசைந்தது. தியேட்டர் பழக்கிவிட்ட தைரியம்தான் இது, இனி மெல்ல மெல்லக் கோயிலும் பழகிவிடும் என்று என் மனசு துள்ளியது. அடுத்த ஞாயிறும் வருவீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் லீவு. கவுண்டரில் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்ததும் பழைய பாஸையே ஓட்டிவிடச் சொன்னேன். அந்தப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள்.

"ஆன்ட்டி, போன மாசம் ரேட்டை மாத்திட்டாங்க. எழுநூறு."

"எழுநூறா? நாங்க பழைய ஆளுல்லா?"

"பழைய ஆளுங்களுக்குப் பழைய ரேட்டுதான் ஆன்ட்டி. ஆனா விடாம கட்டிட்டு வந்திருக்கணும். நீங்க நடுவுல விட்டுட்டீங்க. அதனால புது ஆள்னு காட்டுது."

"நாங்க விடலயே மக்கா, அது தபசு காலம். நீதான நிறுத்திக் குடுத்த?"

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி. சிஸ்டத்துக்கு அது தெரியாதே."

"நீ எந்த ஊரு?"

"சாத்தான்குளம்."

"உங்க ஊர்ல குலசை தசராவுக்கு மாலை போடுவாவளே. மாலை போட்டவன் படத்துக்கு வருவானா? அவனும் புது ஆளு ஆயிருவானா?"

"எங்க அண்ணனே போடுவான் ஆன்ட்டி. அவனுக்கும் இதே கதிதான்" என்று பாவமாகச் சிரித்தாள். எந்தச் சாமிக்கு விரதம் இருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே விலைதான்.

இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித் துளை வழியாகக் கையை நீட்டினார். அவள் கையைப் பிடித்து எழுத முடியுமா? விரலை மடக்கி மடக்கிக் காட்டினார், வாயை அசைத்தார். "நாப்பது நாள், நாப்பது நாள்" என்று அவர் வாய் சொன்னது எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. "என்ன சார்? என்ன சார்?" என்று காதைக் கொண்டு வந்தாள். எனக்குப் பின்னால் ஒரு வாலிபர் பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணாச்சி, படத்த போட்டுருவான். வாயத் தொறந்து சொல்லுங்க. வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கிய?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். இவருக்கு மூச்சு வாங்கியது. கோபம் வந்தால் அவருக்கு இருமல் வரும், இருமல் வந்தால் அது கழுத்து வழியாகத்தான் வரும். துணி விலகிவிட்டது. சளி தெறித்துக் கண்ணாடியில் பட்டது. நான் முந்தானையால் மூடுவதற்குள் வரிசையில் இருந்த எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"ஐயோ அண்ணாச்சி, தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க, சத்தியமாத் தெரியாது" என்று அந்த வாலிபர் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல பிள்ளைதான். அவருக்குப் பின்னால் ஒரு பெண், "பாவம்" என்றாள். அந்தச் சொல் ஆள் மாறி ஆள் மாறி வாசல்வரை போனது. எனக்குக் காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்கும்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் அன்பாகவே சொன்னார். "மாற்றுத்திறனாளிக்குன்னு சிஸ்டத்துல தனியா ஒரு பாஸ் இருக்கு. உங்க பழைய ரேட்ட விடக் கம்மி. சாருக்கு அதுல போட்டுரும்மா." அந்தப் பெண் தயங்கினாள். "சர்டிபிகேட் கேக்கும் சார்." "அது பின்னால பாத்துக்கலாம். இப்பம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிரு. கழுத்து தெரியிற மாதிரி எடு, அப்பத்தான் உடனே ஓகே ஆவும்."

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய விலையையே கேட்டு நின்றவளுக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. "என்னங்க, ஒரு போட்டோதான்" என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் என்ன சொல்லி எழுத? தோணியில் அவர் பேச்சைக் கேட்காத ஆளைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அந்தப் பெண் போனைத் தூக்கியபோது அவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் என் கையைப் பிடித்தார். "கழுத்தைக் காட்டி விலை குறைக்கவா?" என்று எழுதினார். அவ்வளவுதான். தபசு இருந்தோம் என்று சொன்னபோது அசையாத சிஸ்டம், துவாரத்தைக் காட்டினால் அசையுமாம். ஆண்டவருக்காகச் செய்ததற்கு அங்கே மதிப்பில்லை, என் வீட்டுக்காரர் கழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

பாஸே வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட்டாக எடுத்துப் போவோம் என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். "அங்கேயும் தெரிந்துபோச்சு" என்று எழுதினார். அதற்கப்புறம் தியேட்டர் பேச்சை எடுத்தால் கையை இழுத்துக்கொள்கிறார். கோயிலுக்கும் வரவில்லை. கடைசித் தூண்வரை வந்தவர் கொடிமரத்துக்குக்கூட வரவில்லை. மைனி வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். அவளைப் பார்த்தாலும் உள்ளே போய்விடுகிறார். "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாளா?" என்று அவள் என்னிடம் வந்து கண்கலங்கினாள்.

நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எனக்குத் தீராத கோபம் இருக்கிறது சாமி, மன்னிக்க முடியவில்லை என்றேன். யார் மேல் என்று சாமியார் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் எனக்காக முகம் சுருங்கியவள். வாலிபர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேனேஜர் உதவி செய்யத்தான் வந்தார். விலையை ஏற்றியவன் எந்த ஊரில், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானோ, அவன் முகம் எனக்குத் தெரியாது, என் புருஷன் முகம் அவனுக்குத் தெரியாது. "தியேட்டர்காரங்க மேல சாமி, வெலைய ஏத்திட்டாவ" என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "சினிமா விலைக்கெல்லாமா கோபப்படுவாங்க? மூணு அருள்நிறை மந்திரம் சொல்லும்மா" என்றார். சொன்னேன். மூன்று என்ன, முந்நூறு சொன்னேன். கோபம் அப்படியே இருக்கிறது. அடுத்த சாம்பல் புதன் வந்தாலும் நான் டிவியை மூடத்தான் செய்வேன். ஆனால் ஆண்டவருக்காக ஒன்றை விட்டால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்று கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது. அந்தப் புத்தி என்னிடம் இருந்ததே இல்லை. அதையும் தியேட்டர்காரர்கள்தான் கொடுத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"உள்ள படுத்திருக்காவ."

"செவ்வாய்க்கிழம படத்துக்குப் போனியளா?"

"இல்ல மக்கா."

"பாஸ் வெல கூடிட்டுன்னு பக்கத்து வீட்டு அத்த சொன்னாவ. எவ்வளவுன்னாலும் நான் கட்டுதேன், அப்பாகிட்ட சொல்லாத."

"வெல இல்லட்டி. படம் ஒண்ணும் நல்லா இல்லயாம்."

"எல்லாப் படமுமா?"

"எல்லாப் படமும்தான்."

"அப்பாவக் காட்டு" என்றாள். நான் எழுந்து போய்ப் போனை அறைக்குள் திருப்பினேன். மகளின் குரல் கேட்டதும் அவர் போர்வையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். வெளியே காற்றே இல்லை, வைகாசி வெக்கை. ஆபரேஷன் முடிந்து வந்த நாட்களில் லீவு போட்டு வந்து, தினமும் அந்தத் துவாரத்தைத் தன் கையால் துடைத்துச் சுத்தம் செய்தவள் அவள்தான்.